மடியில் படுத்த கிட்டார்

வடசென்னையின் மூலக்கொத்தளத்தில் பாட்டு கற்றுக்கொள்ள யாரும் நோட்டுப் புத்தகத்தைத் தேடிப் போனதில்லை. மொழிப்போர் தியாகிகள் தாளமுத்து, நடராசன் நினைவிடம் உள்ள மயானத்தை நோக்கி வரும் ஊர்வலங்களில் பறை அடிப்பவர்களும், சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடுபவர்களும் கேட்டுக் கேட்டே பிடித்தவர்கள். இப்படிப்பட்ட ஒரு பேட்டையில் ஒருவருக்கு லேப் ஸ்டீல் கிட்டார் பழகும் ஆசை வந்தால், கற்க வேண்டியதில் கணிசமான பங்கு ஏற்கெனவே அவர் காதில் இருக்கிறது. இந்த வாத்தியத்தில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம்.

கிட்டாரை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, இடது கையில் ஓர் எஃகு உருளையைப் பிடித்துக் கம்பிகளின் மேல் நகர்த்தி வாசிப்பதுதான் லேப் ஸ்டீல். நம் பக்கம் ஹவாயன் கிட்டார் என்றால் சட்டென்று புரியும். ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த ஜோசஃப் கெகுகு 1880களின் பிற்பகுதியில், சிறுவனாக இருந்தபோது இதைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். ரயில் பாதையோரம் நடந்துபோனவர் கீழே கிடந்த போல்ட்டை எடுத்துக் கம்பியில் உரசிப் பார்த்தார். பிறகு பள்ளியின் பட்டறையில் தனக்கென ஓர் எஃகுத் துண்டைச் செய்துகொண்டார் என்பது கதை. அந்தத் தீவுகளில் இன்னொரு பழைய பேச்சும் உண்டு. கேப்ரியல் டேவியன் என்ற இந்திய மாலுமி அதற்கும் முன்பே அங்கே கம்பியின் மேல் வழுக்கி வாசித்தாராம். எந்தக் கதையை நம்பினாலும், ரயில் பாதையும் பட்டறையும் துறைமுகமும் வடசென்னைக்கு அந்நியமானவை அல்ல.

அந்த எஃகு உருளையை இன்றைக்கும் லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். முக்கால் அங்குலத் தடிமன், மூன்று அங்குல நீளம், ஒரு முனை குண்டு போல உருண்டிருக்க வேண்டும். மேற்பரப்பில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. கீறல் இருந்தால் கம்பி கரகரக்கும்.

இந்தியாவில் இந்தக் கிட்டார் வேரூன்றியதில் கல்கத்தாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹவாய் இசைக்கலைஞர் டாவ் மோ 1940களில் குடும்பத்தோடு அங்கே தங்கி வாசித்தார், கற்றும் கொடுத்தார். பிறகு பிரிஜ் பூஷண் காப்ரா இதில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்துக் காட்டினார். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் சேர்ந்து தந்த 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தொகுப்பு இன்றும் விரும்பிக் கேட்கப்படுகிறது. மோகன வீணையை உருவாக்கிய விஸ்வ மோகன் பட், அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடருடன் இணைந்து வாசித்ததற்காக 1994இல் கிராமி விருது பெற்றார்.

தமிழ்நாட்டுக்கு இந்த வழுக்கல் புதிதே அல்ல. மெட்டுகள் இல்லாத தண்டியில் கருங்காலிக் கட்டையை ஓட்டி வாசிக்கும் கோட்டுவாத்தியம் நம்மிடம் உண்டு. சித்திரவீணை என்பதும் அதுதான். திருவிடைமருதூர் சகாராம ராவ் அதில் பேர்பெற்றவர். செம்மங்குடி சீனிவாச அய்யர் இளமையில் அவரிடம் பாடம் கேட்டார். பிற்காலத்தில் வாய்ப்பாட்டுக்கே இலக்கணமாகக் கருதப்பட்டவர் கோட்டுவாத்தியக்காரரிடம் பாடம் கேட்டது தற்செயல் அல்ல. குரலில் சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப் போவதைக் கைவிரல் வழியாகக் காட்டும் வாத்தியம் அது.

ஆகவே தமிழ்க் கற்றுக்குட்டி, ஆங்கிலக் கார்டு புத்தகத்தைவிட கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசையிலிருந்து தொடங்குவதே நல்லது. அதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கும் சாதாரண கிட்டாரே போதும். தலைப்பக்க நட்டின் மேல் 'நட் ரைசர்' என்னும் சிறு உலோகத் துண்டைப் பொருத்தினால் கம்பிகள் உயர்ந்துவிடும். உருளை ஃப்ரெட்டில் இடிக்காது. அடுத்தது சுருதி. ஆறு கம்பிகளில் நான்கை மட்டும் தளர்த்த வேண்டும்: முதலாவது, இரண்டாவது, ஆறாவது கம்பிகளை ஒரு முழுச் சுரமும், மூன்றாவதை அரைச் சுரமும் இறக்கினால் தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ச ப ச க ப ச என்று அமைந்துவிடும். சட்ஜம் இரண்டு கட்டை. எந்தக் கம்பியையும் முறுக்கி ஏற்றாததால் அறுந்துவிடும் பயமும் இல்லை.

இனி மெல்லிய முதல் கம்பியில், சரளி வரிசைக்குரிய மாயாமாளவகௌளை ராகம். திறந்த கம்பி ச. 1, 4, 5, 7, 8, 11 ஆகிய ஃப்ரெட்களில் முறையே ரி, க, ம, ப, த, நி. 12இல் மேல் ச. எண்களை மனப்பாடம் செய்வது ஒரு நாள் வேலை. இடத்தில் சரியாக நிற்பதற்குத்தான் மாதங்கள் ஆகும். வழக்கமான கிட்டாரில் விரலை இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே எங்கே அழுத்தினாலும் சுரம் பிசகாது. இங்கே உருளை ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். ஓரத்திலிருந்து பார்த்தால் கண் ஏமாற்றும், நேர் மேலிருந்துதான் பார்க்க வேண்டும். சுமார் 65 செ.மீ. கம்பி நீளமுள்ள கிட்டாரில் முதல் ஃப்ரெட் வரையுள்ள தூரம் 36 மில்லிமீட்டர். பன்னிரண்டைத் தாண்டினால் ஃப்ரெட் இடைவெளி இதில் பாதியாகிவிடும். மேலே போகப் போக ஒரு மயிரிழைப் பிசகும் அபஸ்வரமாகக் கேட்கும். போனில் தம்புரா செயலியை ஓடவிட்டு, முதலில் வாயால் பாடி, பிறகு கம்பியில் அதைத் தேடுவதே இதற்கு மருந்து.

உருளையை அழுத்தவும் கூடாது. வண்ணாரப்பேட்டைக்காரருக்குச் சொல்வதென்றால், இஸ்திரிப் பெட்டி தன் கனத்திலேயே துணியில் ஓடுவதுபோல அது ஓட வேண்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் உருளைக்குப் பின்னால் கம்பிகளை லேசாகத் தொட்டபடி கூடவே வர வேண்டும். தூக்கிவிட்டால் பின்பக்கக் கம்பி 'ங்ஙீ' என்று தனியே முனகும். வலது உள்ளங்கை, வாசித்து முடித்த கம்பியை அமர்த்திவிட்டே அடுத்ததை மீட்ட வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சலித்து விட்டுவிடுவது இந்த அமர்த்தலில்தான். ஆனால் வாசிப்புக்குத் தெளிவு தருவதும் இதுதான். சுரம் நிலைக்கும் முன்பே கமகத்துக்குப் போவது வீண். கையை ஆட்டி ஆட்டிப் பிசகை மறைக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு போகாது.

மாயாமாளவகௌளைக்கு அடுத்து மோகனம் எடுக்கலாம். 2, 4, 7, 9, 12 என்று ஐந்தே இடங்கள். அதன்பின் 2, 4, 5, 7, 9, 11, 12இல் சங்கராபரணம். அது கைக்கு வந்தவருக்குக் கல்யாணி பக்கத்து வீடுதான்: மத்திமம் மட்டும் ஐந்திலிருந்து ஆறுக்கு நகரும். தியாகராஜர் இதே வடசென்னையின் திருவொற்றியூருக்கு வந்து திரிபுரசுந்தரி மேல் பாடிய ஐந்து கீர்த்தனைகளில் 'சுந்தரி நீ திவ்ய' அந்தக் கல்யாணியில் அமைந்தது. அவருடைய சீடர் வீணை குப்பய்யரும் திருவொற்றியூர்க்காரர். குப்பய்யரின் மகன் திருவொற்றியூர் தியாகய்யர் செய்த சஹானா வர்ணம் இன்றும் பாடத்தில் இருக்கிறது. மூலக்கொத்தளத்தில் கிட்டாரை மடியில் வைத்துப் பழகுபவர் முதல் உருப்படிக்கு வேறெங்கும் போக வேண்டாம். அந்தக் கல்யாணிக் கீர்த்தனையின் பல்லவியைக் கேட்டு, பாடி, சங்கதி சங்கதியாக முதல் கம்பியில் இறக்கத் தொடங்கலாம்.