வான் பாயும் நீர் ஏன் பஞ்சாகிறது?

மாரியில் ஸ்கந்தபுரத்துக்குப் பக்கத்து அக்கராயன் குளம் நிரம்பி வான் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல வெயிலில் கமராவைத் தட்டினால் துளிகள் அந்தரத்தில் உறைந்து நிற்கும். அதே நீரைப் பஞ்சாகக் காட்ட, முக்காலியில் கமராவை இறுக்கி, ஷட்டரைப் பல செக்கன் திறந்துவைக்க வேண்டும். கல் அசையாததால் கூர்மையாகப் பதியும். நீர் ஓடிய தடங்களோ ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து குழைந்துவிடும்.

சிக்கல் வெயில்தான். ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துவாரத்தை எஃப்/16 என்று வைத்தாலும் ஏறத்தாழ 1/125 செக்கனே போதும். அதற்குமேல் படம் வெளிறிப்போகும். துவாரத்தை இன்னும் சுருக்கலாமே என்றால், ஒளி விளிம்பில் வளைந்து படம் மழுங்கும்.

இங்கேதான் என்.டி. பில்டர் வருகிறது. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி அது. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதி. 10 ஸ்டாப் என்றால் பத்துத் தடவை பாதி, அதாவது 1,024இல் ஒரு பங்கு. 1/125 செக்கன் 8 செக்கனாகிவிடும்!

மலிவான சில பில்டர்கள் அகச்சிவப்பைத் தப்பவிடுவதால் படத்தில் செம்மை ஏறும். இவ்வளவு இருட்டுக்குள் கமரா ஃபோகஸ் பிடிக்கத் தடுமாறும். முதலில் ஃபோகஸ் செய்து, ஓட்டோ ஃபோகஸை நிறுத்திவிட்டுப் பில்டரைத் திருகுங்கள். இதைக் கண்ணில் வைத்துச் சூரியனை மட்டும் பார்க்காதீர்கள்: தெரியாமலே நுழையும் அகச்சிவப்பு விழித்திரையைச் சுட்டுவிடும்.