கண்ணாடி மாட்டி இருதயத்துக்குள் பார்க்கும் டாக்டர்கள்



"குழந்தைக்கு இருதயத்தில் ஓட்டை" என்று டாக்டர் சொன்னதும் நமக்குக் கை கால் ஓடாது. பிறக்கும் 1000 குழந்தைகளில் 8, 9 குழந்தைகளுக்கு இருதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. நம் குழுக் குடும்பங்களுக்கும் இது புதிதல்ல.

ஓட்டை எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சின்ன ஓட்டை தானாகவே மூடிக்கொள்வதும் உண்டு. பலவற்றை எக்கோ பரிசோதனையிலேயே தெளிவாகப் பார்த்துவிடலாம். சிக்கலானது வேறு. உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் இருதயத்தின் இடது அறையிலிருந்தும், நுரையீரலுக்குப் போகும் குழாய் வலது அறையிலிருந்தும் கிளம்ப வேண்டும். சில குழந்தைகளுக்கு இரண்டுமே வலது அறையிலிருந்து கிளம்பும். அப்போது ஓட்டையை சும்மா அடைத்தால் போதாது. இடது அறை ரத்தம் அந்த ஓட்டை வழியாகவே உடம்புக் குழாய்க்குப் போகிற மாதிரி உள்ளே ஒரு பாதை தைக்க வேண்டும். ஓட்டை எங்கே, குழாய் எவ்வளவு தூரம், நடுவில் வால்வு குறுக்கிடுகிறதா என்பதெல்லாம் முன்பே தெரிய வேண்டும். குழந்தையின் இருதயமோ அதன் கைமுட்டி அளவுதான். அதை நிறுத்தி வைத்து, மெஷின் ரத்தத்தை ஓட்டும் நேரத்தில், உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்க முடியுமா?

இதற்குத்தான் 'விர்ச்சுவல் ரியாலிட்டி' கண்ணாடி. சி.டி. ஸ்கேன், வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்குவதுபோல இருதயத்தை நூற்றுக்கணக்கான மெல்லிய படங்களாக எடுக்கிறது. முன்பெல்லாம் டாக்டர் அவற்றை மனசுக்குள்ளேயே அடுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது கம்ப்யூட்டர் அடுக்கி முழு இருதயமாக்கிவிடுகிறது. கண்ணாடி ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட படத்தைக் காட்டுவதால் ஆழம் தெரிகிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். கைமுட்டி அளவு இருதயத்தை ஒரு அறை அளவுக்குப் பெரிதாக்கி, உள்ளே நின்று ஓட்டையை அண்ணாந்து பார்க்கலாம், அளக்கலாம். வீடு கட்டுமுன் மனையில் நூல் பிடித்துப் பார்ப்போமே, அதுபோலத்தான்.

கொச்சி அமிர்தா மருத்துவமனை டாக்டர்கள், சிக்கலான இருதயங்களை ஸ்கேன் படத்திலிருந்து பொம்மைபோல அச்சிட்டு ஆபரேஷனுக்குத் திட்டமிட்ட அனுபவத்தை 2017-ல் எழுதினார்கள். அதே ஸ்கேன் படத்தைத்தான் கண்ணாடியிலும் பார்ப்பது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பெற்றோருக்கும் இப்படிக் காட்டி விளக்கியிருக்கிறார்கள். இது நமக்குப் பிடித்திருக்கிறது. பிள்ளை நம்முடையது, "படத்தைக் காட்டி சொல்லுங்க டாக்டர்" என்று நாமும் கேட்கலாம். கண்ணாடி இல்லாவிட்டாலும் காகிதத்தில் வரைந்து காட்டச் சொல்லலாம்.

ஒன்று, கண்ணாடி வைத்தியம் செய்யாது. ஸ்கேன் கலங்கலாக இருந்தால் கண்ணாடியிலும் கலங்கல்தான். வால்வின் மெல்லிய இதழ்களைப் பார்க்க இன்னமும் எக்கோதான் கைகொடுக்கும். எல்லாக் குழந்தைக்கும் இது தேவையும் இல்லை.

பால் குடிக்கையில் வியர்த்துப்போய் இளைப்பது, எடை ஏறாதது, உதடு நீலமாவது, அடிக்கடி நெஞ்சுச் சளி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனையோ, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ இருக்கிறது. நகையை அடகு வைக்கும் முன், குழுவில் உள்கடன் கேட்கும் முன், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள்.

ஸ்கேன் எடுத்தால் ஃபிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் வாங்கி வராமல், படங்கள் அடங்கிய சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டரில் அடுக்க அந்தப் படங்கள்தான் வேண்டும். ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலேயே அதையும் வையுங்கள், பிள்ளைகள் விளையாட எடுத்துவிடப் போகிறார்கள்.