நீச்சலுடைத் துணி

நீச்சலுடைத் துணி என்பது நீந்தும்போது அணியும் உடையைத் தைப்பதற்கு ஏற்ற, நீட்சியும் மீட்சியும் உடைய பின்னல் துணி ஆகும். இது பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர் இழையுடன் எலாஸ்தேன் இழையைச் சேர்த்துப் பின்னப்படுகிறது. ஆயத்த நீச்சலுடை உடலுக்கோ ஊர் வழக்கத்துக்கோ பொருந்தாதபோது, துணி வாங்கித் தைத்துக்கொள்வது எளிய வழியாகும்.

புதுச்சேரி மாவட்டத்தின் கொம்யூன்களுள் வில்லியனூர் உள்நாட்டில் அமைந்தது. சங்கராபரணி ஆறும் ஊசுட்டேரியும் அதன் நீர்நிலைகள். பாகூர் கொம்யூனில் பாகூர் ஏரியுடன் நரம்பை, பனித்திட்டு போன்ற கடலோர ஊர்களும் உள்ளன. இத்தகைய ஊர்களில் ஆண்கள் கைலி அல்லது அரைக்கால் சட்டையுடனும், பெண்கள் மார்புக்கு மேல் கட்டிய பாவாடை அல்லது சுடிதாருடனும் நீரில் இறங்குவதே வழக்கம். குளிப்பதற்கு இது போதும். நீந்தக் கற்பதற்குப் போதாது: நனைந்த பருத்தித் துணி கால்களைச் சுற்றிக்கொண்டு, உதைப்பைத் தடுத்து, கற்பவரை விரைவில் களைப்படையச் செய்கிறது. ஆழத்தில் இது உயிருக்கே ஆபத்தாகலாம்.

பருத்தி ஏன் பொருந்தாது

புதுச்சேரி நெடுங்காலமாகப் பருத்தியை அறிந்த நிலம். இங்கிருந்து நீலச் சாயமிட்ட கினி துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியானது. 1898இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு நெசவாலை 2020இல் மூடப்பட்டது. வெயிலுக்கு இதமான அந்தப் பருத்தியின் குணமே நீரில் குறையாகிறது. இயல்பான காற்று ஈரத்தில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு நீரை இழைக்குள் வைத்திருக்கும்; நைலான் ஏறத்தாழ 4, பாலியெஸ்டர் 0.4 விழுக்காடு மட்டுமே. முழுதும் நனைந்தால் பருத்தி கனத்துத் தொங்கும், காயவும் நேரமாகும்.

கடைகளில் "லைக்ரா" என்று கேட்டு வாங்குவோர் இங்குதான் ஏமாறுவது உண்டு. லைக்ரா என்பது எலாஸ்தேன் இழையின் வணிகப் பெயர்களுள் ஒன்று. அவ்விழையை 1958இல் டூபான்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கினார். லெக்கின்ஸ் துணியிலும் லைக்ரா இருக்கும், ஆனால் அத்துணி பெரும்பாலும் 95 விழுக்காடு பருத்தியாகும். ஆகவே கேட்கவேண்டியது லைக்ரா உண்டா என்பதன்று, எஞ்சிய பங்கு எந்த இழை என்பதே. ஐயமிருப்பின் ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் மணத்துடன் மென்சாம்பலாகும். நைலானும் பாலியெஸ்டரும் உருகிக் கெட்டியான மணியாகும்.

தெரிவு செய்தல்

நைலான் 80, எலாஸ்தேன் 20 விழுக்காடு என்னும் அளவில் அமைந்த, சதுர மீட்டருக்கு 170 முதல் 220 கிராம் வரை எடையுள்ள துணி பொதுவாக நன்கு பயன்படும். துணியின் 10 செ.மீ. நீளத்தைப் பிடித்து இழுத்தால் 15 செ.மீ. வரையாவது எளிதில் நீளவேண்டும். விட்டவுடன் பழைய அளவுக்குத் திரும்பவேண்டும். நீளவாட்டிலும் அகலவாட்டிலும் இதைச் சோதிக்கவேண்டும். நீண்டும் மீளாத துணி சில நாள்களில் தொளதொளத்துவிடும்.

குளோரின் கலந்த நீச்சல் குளத்தில் எலாஸ்தேன் விரைவில் சிதையும். அங்கு அடிக்கடி நீந்துவோர்க்கு பாலியெஸ்டரும் பிபிடி என்னும் அதன் நெகிழ்வகையும் கலந்த துணி நீடித்து உழைக்கும். ஊர்க் குளத்திலும் பம்புசெட்டுத் தொட்டியிலும் இச்சிக்கல் பொதுவாக இல்லை. அங்கு துணியைத் தேய்ப்பவை கருங்கல் படியும் மணலும்.

நிறம் அழகு சார்ந்தது மட்டுமன்று. வெளிர்நிறத் துணி நனைந்தால் இழைகளுக்கிடையே காற்றிருந்த இடத்தை நீர் நிரப்புகிறது; ஒளிச் சிதறல் குறைந்து உடல் தெரிகிறது. எனவே உள்துணி இன்றி வெண்மையைத் தவிர்க்கவேண்டும். நீலமும் சாம்பலும் நீருக்கடியில் மறைந்துவிடும். சிறுவர்க்கு, குறிப்பாகக் கலங்கிய ஏரி நீரில், பளிச்சிடும் செம்மஞ்சள் நிறம் தேடுவோர் கண்ணில் முதலில் படும்.

உடலை மறைக்க விரும்புவோர் துணியின் வகையைக் கைவிடத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் 2004இல் வெளிவந்த புர்கினி முழு உடலையும் மறைத்தும் நீந்துவதற்கு ஏற்றது. அதே துணியில் அரைக்கைச் சட்டையும் முழங்கால் வரையான காற்சட்டையும் உள்ளூர்த் தையற்காரரே தைக்கலாம்.

தையல்

கால்மிதி எந்திரத்தின் நேர்த்தையல், துணி நீளும்போது அறுந்துபோகும். வளைதையல் எந்திரம் இல்லையெனில், துணியைச் சற்றே இழுத்துப் பிடித்துக் குறுந்தையலாக இடலாம். பருத்தி நூல் ஈரத்தில் மட்கும். பாலியெஸ்டர் நூலே வேண்டும். கூர்முனை ஊசி பின்னல் இழையை வெட்டிவிடுமாதலால், உருண்டைமுனை ஊசி பயன்படுத்தப்படுகிறது.

நீந்தியபின் நல்ல நீரில் அலசி, முறுக்காமல், நிழலில் உலர்த்தவேண்டும். உடலில் பூசும் எண்ணெயும் எலாஸ்தேனைக் கெடுக்கும். ஆகையால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் பழைய பாவாடையே மேல்.