மூக்கின் ஊறும் மூளையின் படமும்

மூக்கினை மோப்பத்திற்கே உரிய பொறியென்று நூல்கள் கூறும். ஆயினும் அதன்மேல் ஓர் ஈ வந்தமர்ந்தால், கண்ணாற் காணாமலே அஃது இருக்குமிடத்தை அறிந்து கையை ஓச்சுகின்றோம். இது மூக்கின் நுனி, இது கன்னம் என்று பகுத்துணர்வது தோலா, மூளையா என்பதே ஈண்டு ஆராயப்புகும் பொருள்.

இவ்வினாவிற்கு விடைகாணப் பழைய சிகிச்சையொன்று உதவுகின்றது. ஆங்கிலப் படைக்கு மாடோட்டிய காவாஸ்ஜி என்னும் மராட்டியன் 1792-ஆம் ஆண்டு யுத்தத்தில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுபட்டான். ஏறக்குறைய ஓராண்டு சென்றபின், புனாவிற்கு அருகில் செங்கல் செய்யும் குலத்தான் ஒருவன் அவனது நெற்றித்தோலைக் கீறியெடுத்து, புருவங்களின் நடுவே ஒரு காம்பு மட்டும் அறாதபடி வைத்து, கீழே திருப்பி மூக்காகப் பொருத்தினான். இச்செய்தி 1794-இல் லண்டன் பத்திரிகையொன்றிற் படத்துடன் வெளிவந்தது. 1814-இல் கார்ப்பியூ என்னும் வைத்தியர் அந்நகரிலேயே இம்முறையைக் கையாண்டார். கல்லூரி வாயில் மிதியாத அச்செங்கற்காரனது கைத்திறன் வியக்கற்பாலதே.

இங்ஙனம் புதுமூக்குப் பெற்றோரிடம் ஒரு விந்தை காணப்பட்டது. மூக்கைத் தொட்டால், நெற்றியைத் தொட்டதாகவே அவர்கள் உணர்ந்தனர்! காரணம் யாதெனின், தோல் இடம் மாறிற்று; காம்பின் வழியே செல்லும் நரம்பு மாறவில்லை. அந்நரம்பின் செய்தி மூளையில் நெற்றிக்குரிய இடத்தையே சென்று சேரும். செய்தி எவ்வாயில்வழி வந்தது என்பதொன்றையே மூளை அறியுமன்றிப் புறத்தே நிகழ்ந்த மாற்றத்தை அறியாது. பின்னர்க் காம்பை அறுத்துவிட்டால் அவ்வுணர்ச்சி மங்கும். சுற்றிலுமுள்ள நரம்புகள் மெல்ல வளர்ந்து புதுத்தோலினுட் புகுந்த பின்னரே அது மூக்கென உணரப்படும்.

முகத்தின் ஊறு பெரும்பாலும் ஐந்தாம் கபால நரம்பின் வழியே செல்வது. அது மூளைத்தண்டில் வேறு நரம்பணுக்களிடம் செய்தியை ஒப்புவிக்க, அவற்றுட் பெரும்பாலன எதிர்ப்புறத்திற்குக் கடந்து, தலாமஸ் என்னும் இடைநிலையத்தைச் சார்ந்து, பெருமூளையின் மேற்பரப்பை அடைகின்றன. ஆதலின் இடப்பக்கத்து ஊறு வலப்பக்கத்து மூளையிற் பதியும்.

கனடா நாட்டு மொன்ட்ரியால் நகரில் பென்ஃபீல்டு, போல்ட்ரே என்னும் இருவர் இப்பரப்பை ஆராய்ந்து 1937-இல் முடிபுகளை வெளியிட்டனர். மூளைக்குத் தன்னளவில் நோவில்லை. ஆகையால், மண்டையோட்டைத் திறந்து சிகிச்சை செய்யும்போதும் நோயாளி விழித்திருந்து பேசுதல் கூடும். மின்முனையால் ஓரிடத்தைத் தீண்ட, விரலில் ஏதோ பட்டதென்பான். வேறோரிடத்தைத் தீண்ட, உதட்டிலென்பான். இவ்வாறு எழுதிய படத்திற் காலும் பாதமும் உச்சியில் அமைந்தன. முகம் பக்கவாட்டிற் கீழே அமைந்தது. அளவோ உடலின் அளவன்று. உதடும் விரலும் மிகுதியான நிலத்தைக் கொண்டன. முதுகு முழுதும் சிறிதே பெற்றது.

மனிதனது மூக்கிற்கு இப்படத்திற் பெரும் பங்கில்லை. நிலத்தைக் கிளறியுண்ணும் பன்றியிடத்தோ நிலைமை வேறு. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஏட்ரியன் 1943-இல் காட்டியபடி, அதன் ஊற்றுணர்ச்சிப் பரப்பின் மிகப் பெரும்பகுதி மூஞ்சிக்கே உரியது.

எனினும் இத்துறையில் தலையாய சான்று, வட அமெரிக்காவின் கீழ்ப்புறத்துச் சதுப்பு நிலங்களில் வாழும் நட்சத்திரமூக்கு அகழெலியே. அதன் முகம் அழகியதென்று யாரும் சொல்லார். மூக்குத் துளைகளைச் சூழ, பக்கத்திற்குப் பதினொன்றாக 22 செந்நிற விரல்கள் நீண்டிருக்கும். சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலமேயுள்ள அம்மூக்கில் ஏறக்குறைய 25,000 நுண்ணிய ஊற்றுறுப்புகளும், அவற்றினின்று செல்லும் 1,00,000-க்கு மேற்பட்ட நரம்பிழைகளும் உள. வாண்டர்பில்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த கட்டானியா, காஸ் என்போர் அதன் மூளைப்பரப்பை மெல்லிய ஏடாகச் சீவிச் சாயமேற்றியபோது, எதிர்ப்பக்கத்து விரல்கள் பதினொன்றும் பதினொரு பட்டைகளாகக் கண்ணுக்கே புலனாயின.

அவற்றுள்ளும் வாயருகே உள்ள பதினோராம் விரல் மிகச் சிறியது. ஆயினும் மூக்கிற்குரிய மூளைப்பரப்பில் ஏறத்தாழக் காற்பங்கு அதற்கே உரியது. ஏனைய விரல்கள் யாதேனும் ஒரு பொருளைத் தீண்டிய கணமே, அகழெலி மூக்கைத் திருப்பிப் பதினோராம் விரலை அதன்மேற் பதிக்கின்றது. கடைக்கண்ணிற் பட்டதை நாம் விழி திருப்பி நேரே நோக்குவதும் இவ்வகையினதே. தீண்டி, ஆராய்ந்து, இரையாயின் விழுங்கி முடிக்க அதற்குச் சராசரியாகக் கால் விநாடி போதும்.