தள்ளாட்டமா? கழுத்தையும் சோதிக்கலாம்

பரவை காய்கறி மார்க்கெட்டில் மூட்டை ஏற்றி இறக்குபவர்களுக்குக் கழுத்து வலி புதிய செய்தி அல்ல. தைலம், ஒத்தடம், மிஞ்சினால் ஓர் ஊசி என்று பிழைப்பு ஓடிவிடும். ஆனால் மாதக்கணக்கில் உடம்பு முழுக்க வலி, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, போதாததற்குக் கிறுகிறுப்பு என்று ஒரு பெண் சொன்னால் வீட்டில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் 'பித்தம்'தான். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பார்கள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்துவிட்டால், 'மனசுலதான் ஏதோ இருக்கு' என்று பேச்சு முடிந்துவிடும்.

அது ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்கலாம். வலியைக் கையாளும் நரம்பு மண்டலமே மிகையாக உணரத் தொடங்கும் கோளாறு இது; பெண்களிடம் அதிகம் கண்டறியப்படுகிறது. ஸ்கேனில் தெரியாது. 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் இதைக் கண்டறிய உடலில் 18 இடங்களை அழுத்திப் பார்க்கச் சொன்னார்கள். அவற்றில் 6 இடங்கள் பின்னந்தலையிலும் கழுத்திலும் தோள்மேட்டிலும் இருந்தன. அந்த முறை 2010இல் மாறிவிட்டது. கழுத்தின் பாடு மாறவில்லை.

தள்ளாட்டம் எங்கிருந்து வருகிறது? நாம் நிமிர்ந்து நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் போகிறது: கண், உட்செவி, பிறகு தசைகளும் மூட்டுகளும். மண்டையோட்டுக்குக் கீழே கழுத்தின் உச்சியில் இருக்கும் சின்னஞ்சிறு தசைகளில், நீட்சியை அளக்கும் உணர்விகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. தலை எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று நொடிக்கு நொடி சொல்வது அவைதான். தசை இறுகி ஓயாமல் வலித்தால் அந்தக் கணக்கு பிசகும். கண் சொல்வதும் கழுத்து சொல்வதும் ஒத்துப்போகாதபோது தலை சுற்றுவதுபோல் இருக்கும். கண் திறந்திருக்கும்வரை சமாளித்துவிடலாம். தலைக்குக் குளிக்கும்போது கண்ணை மூடினால் கை தானாகச் சுவரைத் தேடும்.

இதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் ஒரு சிறு லேசர் விளக்கைக் கட்டுவார்கள். ஒளிப்புள்ளி விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கண்ணை மூடித் தலையைத் திருப்பிப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல்வார்கள். புள்ளி சுமார் 7 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது 4.5 பாகைக்கு மேல் விலகினால் கழுத்தின் நிலை உணர்வு குறைந்திருக்கிறது என்று பொருள். இவ்வளவு மலிவான சோதனை நம் ஊர்ப் பிசியோதெரபி அறைகளில் அன்றாட வழக்கமாக வேண்டும் என்பது என் கருத்து.

சவுதி அரேபியாவின் அப்ஹாவில் உள்ள கிங் காலித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களிடம் இந்த விலகல் கூடுதலாக இருந்தது. விலகல் கூடக்கூட நிற்கும்போது உடல் ஆட்டமும் கூடியது. ஆனால் எது எதற்குக் காரணம் என்பதை இத்தகைய ஆய்வு நிறுவாது. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க இணையக் கருத்துக்கணிப்பில், 2,596 நோயாளிகளில் ஏறத்தாழ 45 சதவீதத்தினர் சமநிலைச் சிக்கல் இருப்பதாகச் சொன்னார்கள். அவரவர் வாய்ச்சொல் என்றாலும், பித்தம் என்று ஒதுக்கிவிடும் எண்ணிக்கை அல்ல.

பழியை எல்லாம் கழுத்தின் மேலேயே போட்டுவிடவும் கூடாது. இந்த வலிக்குத் தரும் பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் மாத்திரைகளே தலைசுற்றலைத் தரலாம். ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் முதலில் பார்த்தாக வேண்டும். பரவையிலிருந்து கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகிறவர்கள், சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் கையோடு எடுத்துப்போவது நல்லது. தாமாக நிறுத்தக் கூடாது.

சிகிச்சையில் முதலிடம் உடற்பயிற்சிக்குத்தான். ஐரோப்பிய வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் 'வலுவாக'ப் பரிந்துரைக்கப்பட்டது அது ஒன்றே. நடையில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். தலையைத் திருப்பிப் பழைய இடத்துக்கே கொண்டுவருவது, கண்ணை ஓர் இடத்தில் நிறுத்தித் தலையை மட்டும் அசைப்பது போன்ற கழுத்துப் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் பழக வேண்டும். கடையில் வாங்கிய கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தால் தசை மேலும் சோர்ந்துபோகும்.

திடீரெனத் தலைசுற்றி, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ அது வேறு கதை. எலுமிச்சம்பழத்தைத் தேடாமல் 108ஐ அழைக்க வேண்டும்.