கற்பித்தலும் கலையும்

கலைஞன் ஒருவன் உபாத்தியாயர் வேலையை ஒப்புக்கொண்டால், "ஐயோ பாவம், இனி இவன் படம் எழுதினாற்போலத்தான்!" என்று நம்மவர்கள் அனுதாபப்படுவது வழக்கம். மணி அடித்தால் வகுப்பு, மணி அடித்தால் வீடு என்றிருக்கும் பள்ளிக்கூடங்களைப் பார்க்கையில், அந்த அனுதாபம் அநாவசியம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால், சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் சரித்திரம் வேறு விதமானது.

அங்கே சுமார் முப்பது வருஷ காலம் ஆசிரியராயிருந்து, 1951-ல் ஓய்வு பெற்றவர் நந்தலால் போஸ். மாணாக்கர்களுக்கு அவர் அனுப்பும் தபால் கார்டில்கூட எழுத்துடன் ஒரு சித்திரம் இருக்கும். கற்பிப்பது எங்கே முடிந்தது, தீட்டுவது எங்கே தொடங்கிற்று என்று அவரிடம் பிரித்துக் காண்பது சிரமம்.

1938-ல் குஜராத்தில், ஹரிபுரா கிராமத்தில் காங்கிரஸ் மகாசபை கூடியது. பந்தலை அலங்கரிக்கும் பொறுப்பை மகாத்மா காந்தி நந்தலாலிடம் ஒப்புவித்தார். பார்க்கப் போகிறவர்கள் கிராமத்து ஜனங்கள். எனவே உழவன், தச்சன், மத்தளக்காரன், மல்லன், குழந்தையை அணைத்த தாய் ஆகியோரே படங்களின் நாயகர்கள் ஆனார்கள். கையால் செய்த காகிதம், மண் வர்ணங்கள், தடித்த கோடு, இவ்வளவுதான் சாமான். நந்தலால் தாமே 80 படங்களுக்கு மேல் தீட்டினார். மாணாக்கர்கள் எடுத்த பிரதிகளோடு மொத்தம் சுமார் 400 ஆயிற்று. அந்தக் கோடுகளைப் பாருங்கள்! ஓரிடத்திலும் தயக்கமில்லை. யோசித்து யோசித்து இழுத்த கோடு அப்படி ஓடாது. பல வருஷங்களாக மாணாக்கர்களோடு கிராமங்களையும் வயல்களையும் சுற்றிக் கண்ணில் சேர்த்து வைத்தது, அவசரம் வந்தபோது கை வழியே பெருகிற்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

அவருடைய சீடர் வினோதவிஹாரி முகர்ஜியின் கதை இன்னும் வியப்பானது. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை கிடையாது. மற்றதிலோ மிகக் குறைவு. அப்படிப்பட்டவர் 1946-47-ல் அங்குள்ள ஹிந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் பக்தர்களின் வாழ்வைத் தீட்டினார். நம் ராமாநுஜரும் அதில் இருக்கிறார். சுவரளவுக்கு மாதிரிப் படம் எதுவும் வரைந்து கொள்ளவில்லை. ஈரச் சுண்ணத்தின் மேல் எழுதும் முறை. சாந்து உலர்வதற்குள் அன்றன்றைய பகுதியை முடித்தாக வேண்டும். தயங்கி நின்றால் சுவர் காத்திராது. கூட நின்று உதவியவர்கள் மாணாக்கர்களே. அவர்களில் ஒருவர், சென்னை ராஜதானிக் கல்லூரியில் படித்து, 1942-ன் போராட்டத்தில் சிறை சென்று, பின்னர் கலாபவனம் சேர்ந்த கே. ஜி. சுப்பிரமணியன்.

1957-ல், கண்ணில் செய்த சிகிச்சைக்குப் பிறகு வினோதவிஹாரிக்கு இருந்த பார்வையும் போய்விட்டது. அவர் ஆசிரியப் பணியை விடவில்லை. கலாபவனத்துக்கே திரும்பி வந்து, தாம் காண முடியாத சித்திரங்களைப் பற்றி மாணாக்கர்களுக்குக் கற்பித்தார். விரல்களால் காகிதத்தை மடித்து உருவங்கள் அமைத்தார். 1972-ல் கலாபவனத்துச் சுவர் ஒன்றில், ஓடுகள் பதித்த பெரிய சித்திரம் ஒன்று அவர் கையால் உருவாயிற்று.