'கன்ட்ரோல் பிளஸ் பி' என்றால் பிளஸ்ஸையும் அழுத்தணுமா?

ஊரில் இருக்கும் அப்பா, ஆன்லைனில் வந்த ரசீதை பிரின்ட் எடுக்க வேண்டும். "கன்ட்ரோல் பிளஸ் பி அழுத்துங்கப்பா" என்று போனில் சொல்கிறீர்கள். "அழுத்தினேன்பா, எழுத்தெல்லாம் பெருசாகுதே!" என்கிறார்.

தப்பு அவர் மேல் இல்லை. நீங்கள் சொன்னபடியே கன்ட்ரோலோடு பிளஸ்ஸையும் அழுத்திவிட்டார். பிரவுசரில் அது பக்கத்தைப் பெரிதாக்கும் ஷார்ட்கட். பழையபடி வர, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு பூஜ்ஜியத்தைத் தட்டினால் போதும்.

ஷார்ட்கட்டை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு சாஃப்ட்வேர் நிறுவனங்கள் தனி விதிகளே வைத்திருக்கின்றன. அவை தெரிந்தால் இந்தக் குழப்பம் வராது.

பிளஸ் வேறு, கமா வேறு

மைக்ரோசாஃப்ட்டின் வழிகாட்டிகளில் இரண்டு கீகளுக்கு நடுவே பிளஸ் குறி இருந்தால், முதல் கீயை விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்ததைத் தட்ட வேண்டும். கமா இருந்தால், ஒன்றை அழுத்தி விட்டுவிட்டு அடுத்ததை அழுத்த வேண்டும். பிளஸ் கீயையே அழுத்தச் சொல்லும் இடத்தில் குறியைப் போடாமல், 'பிளஸ் சைன்' என்று வார்த்தையாக எழுதுவார்கள். ஆப்பிள் நிறுவனமோ பிளஸ்ஸுக்குப் பதில் சின்னக் கோடு போடுகிறது.

மேக்கில் கமாண்ட்

கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் போன்றவற்றுக்கு 'மாடிஃபையர் கீ' என்று பெயர். கூட அழுத்தும் கீயின் வேலையை மாற்றுவதுதான் இவற்றின் வேலை. விண்டோஸில் கன்ட்ரோல் செய்யும் காப்பி, பேஸ்ட், பிரின்ட் எல்லாவற்றையும் மேக்கில் செய்வது கமாண்ட் கீ. மேக்கிலும் கன்ட்ரோல் என்று தனியாக ஒரு கீ இருப்பதால், எந்த கம்ப்யூட்டர் என்று கேட்டுவிட்டுச் சொல்வது நல்லது.

பெரிய எழுத்தா?

ஷார்ட்கட்டில் ஆங்கில எழுத்தை கேப்பிடலில்தான் அச்சிடுவார்கள். அதற்காக ஷிஃப்ட்டை அழுத்தக் கூடாது. குரோமில் கன்ட்ரோலோடு 'டி' தட்டினால் புது டேப் திறக்கும். ஷிஃப்ட்டும் சேர்ந்தால், கடைசியாக மூடிய டேப் திரும்ப வரும்.

அடுத்த முறை அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: "கன்ட்ரோலை ஒரு விரலால பிடிச்சுக்கோங்க. விடாம, பி-யை ஒரே ஒரு தடவை தட்டுங்க. இப்ப ரெண்டையும் விட்டுடுங்க."

பிளஸ் என்ற வார்த்தையே வேண்டாம். பிரின்ட் வந்துவிடும்!